2,800 ரூபாய்க் கிட்டார்

போன வருடம் மாசி மாதம், செங்கம் சாலையில் ஒரு பழைய சாமான் கடையில் 2,800 ரூபாய் கொடுத்து எலெக்ட்ரிக் கிட்டார் ஒன்று வாங்கினோம். அந்தப் பணம் கிட்டாருக்காகச் சேர்த்தது அல்ல. ஏப்ரல் 14 அம்பேத்கர் பிறந்தநாளுக்குள் எங்கள் மாலை வகுப்பின் நான்கு பறைகளுக்கும் புதுத் தோல் போடுவதற்காக, காலனியில் வீடு வீடாக ஏறி ஐம்பதும் நூறுமாக வாங்கியது. அதை எடுத்து இதற்குக் கொடுத்துவிட்டோம். வசூல் கொடுத்த அம்மாக்களிடம் பிறகு பதில் சொன்னோம், திட்டும் வாங்கினோம். படிக்கிற தோழர்கள் நீங்களும் திட்டலாம். முழுக்கக் கேட்டுவிட்டுத் திட்டுங்கள்.

கடைக்குப் போனது பீரோ விலை கேட்க. வகுப்புப் புத்தகங்களை எலி கடிக்கிறது, கதவு மூடுகிற இரும்பு பீரோ வேண்டும் என்று ரொம்ப நாளாகப் பேச்சு. ரமணாசிரமத்தைச் சுற்றியுள்ள தெருக்களில் வெளிநாட்டுக்காரர்கள் கார்த்திகையை ஒட்டி வந்து வீடு எடுத்துத் தங்குவார்கள். வெயில் ஏறத் தொடங்கியதும் கிளம்பிவிடுவார்கள். தூக்கிக்கொண்டு போக முடியாத சைக்கிள், மிக்சி, யோகா பாய் எல்லாம் பழைய சாமான் கடைக்கு வரும். எங்கள் காலனிப் பெண்கள் சிலர் அந்த வீடுகளில்தான் பாத்திரம் தேய்க்கிறார்கள். மலையைச் சுற்றி நடப்பவர்களுக்கு ஒரு திருவண்ணாமலை, மலையைச் சுற்றி வேலை செய்பவர்களுக்கு இன்னொரு திருவண்ணாமலை.

கிட்டார் ஒரு உடைந்த ஏர்கூலர் மேல் படுத்திருந்தது. நடுவில் தேன் நிறம், ஓரம் போகப் போகக் கறுப்பு. வயலினில் இருப்பது போல இரண்டு பக்கமும் எஃப் எழுத்து வடிவத்தில் துளை. ஆறு கம்பிகளில் இரண்டுதான் மிச்சம், அதுவும் துரு. தலையில் கம்பெனிப் பெயர் இருந்த இடம் தேய்ந்துபோயிருந்தது. கழுத்தும் உடம்பும் சேரும் இடத்தில் பின்பக்கம் ஒரு இரும்புத் தகடு, அதில் 'மேட் இன் ஜப்பான்'. எங்களோடு வந்திருந்த பிளஸ் டூ தம்பி அதைத் தூக்கினான். "அண்ணா, எடையே இல்ல, உள்ள காலிண்ணா" என்றான். கீழே வைக்கவே இல்லை.

இன்று கடைகளில் தொங்கும் எலெக்ட்ரிக் கிட்டார் பெரும்பாலும் முழுக்கட்டை. இது அதற்கு முந்தைய வகை, கூடு வைத்தது. 1936இல் கிப்சன் நிறுவனம் இஎஸ்-150 என்ற மாடலைக் கொண்டுவந்தது. சார்லி கிறிஸ்டியன் என்ற கறுப்பின இளைஞர் அதை வாசித்து, ஊதுகருவிகளுக்கு நடுவே அமுங்கிக் கிடந்த கிட்டாரைத் தனியாகப் பேச வைத்தார். சாதாரணக் கிட்டார் கூட்டின் மேல் காந்தமும் செப்புக்கம்பிச் சுருளும் வைத்த 'பிக்கப்', சத்தத்தைக் கூட்டக் குறைக்கத் திருகு, அவ்வளவுதான் வேலைப்பாடு. 1960களில் ஜப்பான் இந்த வகையை மலிவாகச் செய்து பல பெயர்களில் உலகம் முழுக்க அனுப்பியது. அப்படிக் கிட்டார் செய்த மட்சுமோகு என்ற ஆலை, அதற்கு முன்பு சிங்கர் தையல் மிஷினுக்கு மரப்பெட்டி செய்துகொண்டிருந்த ஆலை. காலனியில் தையல் வேலை செய்யும் அக்கா இதைக் கேட்டுவிட்டு, "அப்போ இது என் மிஷினுக்குத் தம்பி" என்றார்.

வாங்கிய அன்று இரவே வகுப்பில் சண்டை. பறை இருக்கும்போது கிட்டார் எதற்கு? சண்டையை ஆரம்பித்தவர்கள் நாங்களேதான், பெரியவர்கள். சாவுக்கும் சேதி சொல்லவும் மட்டும் என்று ஒதுக்கப்பட்ட பறையை மேடைக்குக் கொண்டுவர எத்தனை கலைக்குழுக்கள் எத்தனை வருடம் உழைத்தன! 2025இல் அலங்காநல்லூர் வேலு ஆசானுக்குப் பத்மஸ்ரீ அறிவித்தபோது எங்கள் தெருவில் லட்டு கொடுத்தோம். 'பறை எங்கள் பெருமை' என்று பேனர் அடித்தவர்கள் நாங்கள். அந்தப் பணத்தில் போய் வெள்ளைக்காரன் போட்டுவிட்டுப் போன பொருளை வாங்குவதா?

தம்பி அதுவரை வாயைத் திறக்காமல் உட்கார்ந்திருந்தான். பிறகு சொன்னான்: "நீங்க மேடையில அடிக்கிறீங்க, கைதட்டுறாங்க. எங்கப்பா ஊர்ல அடிக்கிறாரு, சோத்த இலையில கட்டித் தர்றாங்க. ரெண்டும் ஒண்ணா?"

அவனுடைய அப்பாவை நாங்கள் எல்லோரும் மாமா என்றுதான் கூப்பிடுவோம். ஊர்த்தெருவில் சாவு விழுந்தால் அவருக்கு ஆள் வரும். பறைக்குழுவில் சேரச் சொல்லி இரண்டு வருடமாக இந்தத் தம்பியை நச்சரித்துக்கொண்டிருந்தோம். அவன் ஏதாவது சாக்குச் சொல்வான். கூச்சம், படிப்பு என்று நாங்களாக எழுதிக்கொண்டோம். சமூகவியல் எம்.ஏ. படித்து, பத்து வருடமாகக் காலனி காலனியாகப் போய் ஆட்களிடம் பேசுவதே வேலையாக வைத்திருக்கிற எங்களுக்கு, அவன் கையில் பறைக்குச்சியைப் பிடிக்காமலிருந்தது ஒரு மறுப்பு என்று தோன்றவில்லை. வெட்கமாக இருந்தது.

பறையடிக்க மாட்டோம் என்பதும் நம் வரலாறுதான். தென்னாற்காட்டில் எல். இளையபெருமாள் காலத்திலேயே அந்தப் போராட்டம் நடந்தது. தீண்டாமை பற்றி 1969இல் அறிக்கை கொடுத்த குழுவின் தலைவர் என்று மட்டும் அவரைத் தெரிந்தவர்கள், அதையும் தேடிப் படியுங்கள். பறையைக் கீழே வைத்தவர்களும் பறையை மேடையேற்றியவர்களும் ஒரே தெருக்காரர்கள். எங்கள் பேனரில் ஒரு பாதிக்கு மட்டும்தான் இடம் இருந்தது.

கிட்டார் யாருக்கும் பிறப்பால் ஒதுக்கப்படாத வாத்தியம் என்பது தம்பியின் கட்சி. ஒத்துக்கொண்டோம். ஆனால் கையில் எடுத்துக்கொண்டு தெருவில் இறங்கினால் அதற்கும் ஒரு அடையாளம் ஒட்டிக்கொள்கிறது. வழியில் பார்த்த மூன்று பேர் கேட்டார்கள்: "எந்த சர்ச் தம்பி?" காலனிப் பையன் கையில் கிட்டார் என்றால் ஞாயிறு ஆராதனை தவிர வேறு காரணம் இருக்காது போலிருக்கிறது. தப்பில்லை, சர்ச்சில்தான் நம் பிள்ளைகள் பலர் கிட்டாரும் கீபோர்டும் தொட்டார்கள். இளையராஜா பண்ணைப்புரத்திலிருந்து சென்னைக்குப் போய் தன்ராஜ் மாஸ்டரிடம் படித்து, லண்டன் டிரினிட்டி கல்லூரியின் கிட்டார் தேர்வில் தங்கப் பதக்கம் வாங்கியதை வகுப்பில் சொன்னோம். (அவருடைய அரசியல் பற்றி உங்களுக்கு இருக்கும் கோபம் எங்களுக்கும் உண்டு, அது வேறு கட்டுரை.) அம்பேத்கர் வயலின் கற்றுக்கொண்டார் என்பதையும் சொன்னோம். "அவருக்கு யாரும் எந்த சர்ச்சுனு கேட்டிருக்க மாட்டாங்க" என்றான்.

பெரிய ஊர் ஒன்றில் இசைக்கருவிக் கடைக்குக் கொண்டுபோனோம். கடைக்காரர் கிட்டாரைப் பார்ப்பதற்கு முன் எங்கள் செருப்பைப் பார்த்தார். பிறகு 9,000 ரூபாய் ஆகும், அதைவிடப் புதிதாக ஒன்று வாங்கிவிடுங்கள் என்றார். விலை நியாயமாகக்கூட இருக்கலாம். கம்பி ஒரு செட் மட்டும் கேட்டோம், உள்ளே போனவர் வெளியே வரவில்லை. அதை ஆன்லைனில் 450 ரூபாய்க்கு வாங்கினோம். அமெரிக்காவின் தென் மாநிலங்களில் இனஒதுக்கல் இருந்த காலத்தில், சியர்ஸ் என்ற கம்பெனி தபாலில் பட்டியல் அனுப்பிச் சாமான் விற்றது. வெள்ளைக்காரர் கடையில் கடைசியில் நிற்க வேண்டாம், ஏளனம் கேட்க வேண்டாம் என்பது கறுப்பின மக்களுக்கு எவ்வளவு பெரிய விடுதலையாக இருந்தது என்று வரலாற்றாசிரியர்கள் எழுதியிருக்கிறார்கள். அந்தப் பட்டியலில் கிட்டாரும் இருந்தது. ஆன்லைன் கம்பெனிகள் மேல் எங்களுக்கு ஆயிரம் விமர்சனம் உண்டு, ஆனாலும் பார்சல் பையன் எங்கள் செருப்பைப் பார்க்கவில்லை.

இனி பழுதுபார்த்த கதை. இரண்டு பிக்கப்பில் ஒன்று ஊமை. மல்டிமீட்டர் வைத்தால் முள் அசையவில்லை, உள்ளே எங்கோ கம்பி அறுந்திருக்கிறது. அவலூர்பேட்டை சாலையில் மோட்டாருக்குக் காயில் கட்டும் அண்ணனிடம் போனோம். பிக்கப்பில் சுற்றும் கம்பி 42ஆம் கேஜ், தலைமுடி அளவுதான், அதில் ஆயிரக்கணக்கான சுற்று. "ஃபேனுக்கே நான் 36ல சுத்துறேன், இது இன்னாது சிலந்தி நூலா?" என்றார். கண்ணில் பூதக்கண்ணாடி மாட்டிக்கொண்டு அரை மணி நேரம் பார்த்தார். சுருளின் வெளிமுனை சாலிடர் வைத்த இடத்தில் விட்டிருந்தது. புதிதாகச் சுற்றவே தேவைப்படவில்லை. மீட்டர் 5.8 கிலோ ஓம் காட்டியபோது எங்களைவிட அவருக்குத்தான் சந்தோஷம். 150 ரூபாய் வாங்கிக்கொண்டார். கூலியைக் கொடுத்துவிட்டுத்தான் வந்தோம். சேவை என்று சொல்லி நம் ஆட்களிடம் ஓசியில் வேலை வாங்கும் பழக்கம் இயக்கங்களிலும் இருக்கிறது, அதை விட வேண்டும்.

கம்பிகளைத் தாங்கும் 'பிரிட்ஜ்' இந்த வகைக் கிட்டாரில் ஒட்டியிருக்காது. மரக்கட்டை சும்மா நிற்கும், கம்பியின் அழுத்தம்தான் அதைப் பிடித்து வைக்கும். ஒரு நூல் தள்ளி நின்றாலும் மேலே போகப் போகச் சுருதி விலகும். 12ஆவது கட்டில் விரலை லேசாகத் தொட்டு எழுப்பும் சத்தமும், அதே கட்டில் அழுத்தி எழுப்பும் சத்தமும் ஒன்றாக வரும்வரை அதை நகர்த்த வேண்டும். தம்பி ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்க, போனில் சுருதி பார்க்கும் ஆப்பை வைத்துக்கொண்டு அதைச் செய்தான். சரியான இடத்தைப் பென்சிலால் கோடு போட்டு வைத்திருக்கிறான், இன்னும் அழியவில்லை.

மைக்செட் அண்ணனின் பழைய அகுஜா ஆம்ப்ளிஃபயரில் செருகிய அன்றுதான் பயந்தோம். கம்பியைத் தொட்டதும் கையில் சுரீர் என்றது. கிட்டாரின் கம்பிகள் மின்சுற்றின் எர்த் பக்கத்தோடு இணைந்தவை. ஆம்ப்ளிஃபயருக்கு எர்த் இல்லையென்றால் கசியும் கரண்ட் வாசிப்பவர் உடம்பு வழியாகத்தான் போகும். 1972இல் லெஸ்லி ஹார்வி என்ற கிட்டார்க்காரர் பிரிட்டனில் மேடையிலேயே இப்படிச் செத்தார். எங்கள் வகுப்புக் கட்டடத்தின் பிளக்கில் மூன்று ஓட்டை இருந்தது, மேல் ஓட்டைக்குப் பின்னால் ஒயரே இல்லை. காலனியில் நாங்கள் பார்த்த பதினோரு வீடுகளிலும் அதே கதை. குழந்தைகள் ஈரக் கையோடு ஃபேன் சுவிட்ச் போடும் வீடுகள். கிட்டாரைச் சுவரில் சாய்த்துவிட்டு, வகுப்புக்குப் பின்னால் குழி தோண்டி, ஜிஐ பைப் இறக்கி, கரியும் உப்பும் மாறி மாறிப் போட்டு, தண்ணீர் ஊற்றி எர்த் எடுத்தோம். வயர்மேன் லைசென்ஸ் உள்ள ஒரு தோழர் கூடவே நின்றார், இது விளையாட்டு வேலை இல்லை. டெஸ்ட் பல்ப் பிரகாசமாக எரிந்தது. கிட்டாரால் காலனிக்குக் கிடைத்த முதல் நன்மை இது என்று பணம் கொடுத்த அம்மாக்களிடம் சொன்னோம். "பறைக்குத் தோல் எங்க?" என்றார்கள்.

கரண்ட் பிரச்சனை தீர்ந்ததும் ஊளை ஆரம்பித்தது. கூடு வைத்த கிட்டாரின் பிறவிக் குணம் அது. ஸ்பீக்கர் சத்தம் கூட்டை அதிரவைக்கும், கூடு கம்பியை அதிரவைக்கும், பிக்கப் அதையே மறுபடி ஸ்பீக்கருக்கு அனுப்பும். பி.பி. கிங் எஃப் துளைக்குள் துணியை அடைத்து வாசித்தார். பின்னால் 1980இல் அவருக்காக கிப்சன் செய்த மாடலில் துளையே இல்லை. அவர் தன் கிட்டார்களுக்கு லூசில் என்று பெயர் வைத்த கதை உங்களில் சிலருக்குத் தெரிந்திருக்கும். 1949 குளிர்காலம், ஆர்கன்சாவில் ட்விஸ்ட் என்ற ஊர். குளிருக்கு மண்ணெண்ணெய் எரித்துக்கொண்டிருந்த ஒரு நடனக் கொட்டகையில் இரண்டு பேர் அடித்துக்கொண்டார்கள், நெருப்புத் தொட்டி கவிழ்ந்தது. வெளியே ஓடிவந்த கிங், கிட்டார் உள்ளேயே இருக்கிறது என்று எரியும் கொட்டகைக்குள் திரும்ப ஓடினார். 30 டாலர் கிட்டார். அதை இழந்தால் இன்னொன்று வாங்க முடியாது. சண்டை லூசில் என்ற பெண்ணுக்காக என்று பிறகு தெரிந்ததாம், இனி இப்படி ஒரு மடத்தனம் செய்யக்கூடாது என்று நினைவு வைத்துக்கொள்ள அந்தப் பெயர். வகுப்பில் இந்தக் கதையைச் சொன்னபோது தம்பி சிரிக்கவில்லை.

நாங்களும் துணி அடைத்துப் பார்த்தோம். ஊளை குறைந்தது, ஆனால் உள்ளே வேறு ஏதோ 'கறகற' என்றது. கழற்றிப் பார்க்க வழியில்லாத கூடு. மூன்று நாள் எஃப் துளைக்குள் டார்ச் அடித்துத் தலைவலி வந்ததுதான் மிச்சம்.

மாமா ஒருநாள் இரவு பையனைச் சாப்பிடக் கூப்பிட வந்தார். வகுப்புக்குள் அவர் வருவதே அபூர்வம். கிட்டாரைக் கேட்டு வாங்கி மடியில் வைத்துக்கொண்டார். கம்பியைத் தொடவில்லை. நடு விரலை மடக்கி, கணுவால் மேல்பலகையை ஓரத்திலிருந்து தட்டிக்கொண்டே வந்தார். டொக், டொக், டொக். ஒரு இடத்தில் நிறுத்தி மறுபடி தட்டினார். எங்களுக்கு வித்தியாசம் கேட்கவில்லை. தம்பிக்குக் கேட்டது. "இங்க வுட்டுக்கிச்சு" என்றார் மாமா. பலகைக்கு அடியில் நீளவாக்கில் ஒட்டிய சட்டம் ஒன்று இருக்கும், அது ஒரு சாண் நீளத்துக்குப் பசை விட்டிருந்தது. தோல் எந்தப் பக்கம் தொய்ந்திருக்கிறது என்று நாற்பது வருடமாகத் தட்டிப் பார்த்த விரல்.

எதை வைத்து ஒட்டுவது? மாமா புளியங்கொட்டைப் பசை என்றார், பறைச்சட்டத்தில் தோலை ஒட்டுவது அதில்தான். தச்சு வேலை செய்யும் தாத்தா வஜ்ஜிரம் என்றார். மாட்டுத் தோலையும் எலும்பையும் காய்ச்சி எடுக்கிற பசை. வயலினும் பழைய கிட்டார்களும் இதில்தான் ஒட்டப்பட்டன. சூடும் ஈரமும் காட்டினால் விட்டுக்கொடுக்கும், அதனால் எத்தனை முறை வேண்டுமானாலும் பிரித்துச் சரிசெய்யலாம். இங்கே ஒரு நிமிடம் நிற்க வேண்டும். மிருதங்கத்துக்கு மாட்டுத்தோலும் எருமைத்தோலும் ஆட்டுத்தோலும் பதப்படுத்திக் கட்டுகிற தலித் கிறிஸ்தவக் கைவினைஞர்களைப் பற்றி டி.எம். கிருஷ்ணா 'செபாஸ்டியன் அண்ட் சன்ஸ்' எழுதினார். 2020இல் அதன் வெளியீட்டுக்குக் கொடுத்த அரங்க அனுமதியை கலாக்ஷேத்ரா திரும்பப் பெற்றது. தோல் மேடையில் இருக்கலாம், தோலைப் பற்றிய பேச்சு மேடையில் இருக்கக்கூடாது. வயலினை ஒட்டிய பசை எதுவென்று சபாக்களில் யாரும் கேட்டதாகத் தெரியவில்லை. நம்மைத் தீட்டு என்று ஒதுக்க எந்தப் பொருளைக் காரணம் காட்டினார்களோ அந்தப் பொருள் சாமி பாட்டு வாசிக்கும் வாத்தியத்தின் மூட்டுக்கு மூட்டு இருக்கிறது.

வஜ்ஜிரத்தை வெந்நீர்ப் பாத்திரத்துக்குள் டம்ளர் வைத்துக் காய்ச்சினோம். நாற்றம் தெரு முழுக்க. ஆறினால் உறைந்துவிடும், அதனால் மரமும் சூடாக இருக்க வேண்டும். வைக்கோல் நெருப்பில் பறை காய்ச்சுகிற கணக்கு மாமாவுக்குத் தெரியும். கோழிப்பண்ணையில் குஞ்சுக்குப் போடும் குண்டு பல்பைக் கொண்டுவரச் சொல்லி, பலகையின் மேல் புறங்கையை வைத்துப் பார்த்துப் பார்த்துச் சூடு காட்டினார். தம்பி ஊசியில்லா சிரிஞ்சில் ஒயர் குழாயை மாட்டி, துளை வழியாகப் பசையை உள்ளே விட்டான். ஒட்டுகிற சட்டம் மேலே அழுந்தியிருக்க உள்ளே முட்டுக் கொடுக்க வேண்டும். கைக்குக் கிடைத்த குச்சி எதுவும் பொருந்தவில்லை. மாமா வீட்டுக்குப் போய்த் தன் சுண்டுக்குச்சியை எடுத்து வந்தார், இடது கையில் பிடிக்கும் மெல்லிய மூங்கில் குச்சி. அளவு பார்த்து ஒடித்தார். கம்பியில் கட்டி, துளை வழியாக உள்ளே நிறுத்த ஒரு மணி நேரம் ஆனது. மேலே சைக்கிள் ட்யூபைச் சுற்றி இறுக்கிக் கட்டினோம்.

இரண்டு நாள் கழித்து ட்யூபை அவிழ்த்தோம். கறகற போயிருந்தது. குச்சியை எடுக்க வேண்டும் என்று பார்த்தால், அது நின்ற பிறகு ஊளையும் பாதியாகக் குறைந்திருந்தது. மேல்பலகையையும் அடிப்பலகையையும் ஒரு குச்சி சேர்த்துப் பிடித்தால் மேல்பலகையின் அதிர்வு அடங்குகிறது. வயலினுக்குள் எப்போதுமே அப்படி ஒரு குச்சி நிற்கும். கூடு வைத்த எலெக்ட்ரிக் கிட்டாரிலும் ஊளையை அடக்க இப்படி வைப்பவர்கள் உண்டு என்று பிறகு படித்தோம். எடுக்கவில்லை, உள்ளேயே இருக்கிறது.

ஏப்ரல் 14 அன்று இரண்டு பறைக்குப் புதுத் தோல், அந்தப் பணம் எங்கள் கையிலிருந்து போட்டது. மற்ற இரண்டும் பழையதுதான். 2018 ஜனவரி 6 அன்று சென்னை கீழ்ப்பாக்கத்தில் கேஸ்ட்லெஸ் கலெக்டிவ் முதல் மேடை ஏறியபோது பறையும் கிட்டாரும் சட்டியும் பக்கம் பக்கமாக நின்றன. அந்த வீடியோவை எங்கள் பிள்ளைகள் மனப்பாடமாக வைத்திருக்கிறார்கள். எங்கள் மேடை அந்த அளவுக்கு இல்லை. தம்பிக்கு மூன்று கார்டு தெரியும், ஒன்றிலிருந்து இன்னொன்றுக்குப் போக நேரம் எடுத்தது. பறைக்காரர்கள் அவனுக்காக அடியை மெதுவாக்கினார்கள். மாமா மேடைக்கு வரவில்லை, டீக்கடை பெஞ்சிலிருந்து கேட்டார்.

இரண்டு வாரத்தில் ஊர்த்தெருவில் ஒரு பெரிய சாவு. ஆள் வந்தது. தம்பி போகாதே என்றான், நாங்களும் சொன்னோம். தீண்டாமையின் பேரால் இழிவான வேலையைக் கட்டாயப்படுத்துவது குடியுரிமைப் பாதுகாப்புச் சட்டத்தின் 7ஏ பிரிவில் குற்றம், 1989ஆம் ஆண்டு வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தில் கட்டாய ஊழியமும் குற்றம் என்று பிரிவு எண்ணோடு சொன்னோம். மாமா பொறுமையாகக் கேட்டார். "யாரு கட்டாயப்படுத்துனாங்க? கூப்டாங்க. நான் பயிர் வெக்கிற நிலம் அவங்களுது" என்றார். 2023 ஜனவரி 30 அன்று இதே மாவட்டத்துத் தென்முடியனூரில் போலீஸ் பாதுகாப்போடு நம் மக்கள் மாரியம்மன் கோயிலுக்குள் போனார்கள். கோயில் கதவைக் கலெக்டர் வந்து திறக்க முடிந்தது. குத்தகை நிலத்துக்கு அப்படி ஒரு கதவு இல்லை.

பறையை எடுத்துக்கொண்டு கிளம்பியவர், திரும்பி வந்து வகுப்பு வாசலில் நின்று, "சுண்டுக்குச்சி ஒண்ணு இருந்தா குடுங்கப்பா" என்றார். எங்கள் குழுவின் குச்சிகளில் ஒன்றைத் தம்பிதான் எடுத்துக் கொடுத்தான். அப்பாவிடம் ஒன்றும் பேசவில்லை. அவர் போன பிறகு கிட்டாரை எடுத்து வைத்துக்கொண்டான். ஆம்ப்ளிஃபயரில் செருகவில்லை. ஊர்ப்பக்கம் பறை கேட்க ஆரம்பித்தது. தம்பி விரலை மடக்கி, மேல்பலகையை ஓரத்திலிருந்து தட்டிக்கொண்டிருந்தான்.